ஓடைக் கற்கள்

மழை விட்ட மறுவாரம் அவள் வனக் காப்பகத்தின் மேற்குச் சரிவில் ஒரு செடியைத் தேடி மண்டியிட்டுத் தவழ்ந்துகொண்டிருந்தாள். கோடை முழுக்க மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்துவிட்டு, இந்த நாட்களில் மட்டும் நகமளவு ஒற்றை இலை விடும் ஆர்க்கிட் அது. அது இருந்தால்தான் இந்தச் சரிவு காப்பகத்தில் நிற்கும். இல்லையென்று கணக்கெடுப்பில் பதிந்தால் எல்லையைச் சுருக்கிச் சாலை போட்டுவிடுவார்கள்.

“அண்ணி, செடியத் தேடுறீங்களா, தொலைஞ்ச கம்மலத் தேடுறீங்களா?” என்றான் கணக்கேட்டோடு கூட வந்த காவலன்.

“வாயை மூடிட்டுப் பாத்து நட. மிதிச்சிடப் போற.”

கணவன் இறந்தபின் அவள் தனியாக எடுக்கும் முதல் கணக்கு. இந்தக் காட்டை இருவரும் சேர்ந்தே செடி செடியாக எழுதியவர்கள். மாதிரிக்கு ஒரு செடியை வேரோடு எடுத்தால், ஓடையிலிருந்து ஒரு தட்டைக் கல்லைக் கொண்டுவந்து குழியில் வைத்து மூடுவார் அவர். அதே இடத்தில் மறுபடி கைவைத்துவிடக் கூடாதாம். “செடிக்குச் சமாதி கட்டியாச்சா?” என்று அவள் சீண்டுவாள். ஆனால் இந்தச் சரிவில் ஒரு செடியைக்கூடத் தொடுவதில்லை என்று அவளிடம் சத்தியம் வாங்கியவரும் அவர்தான்.

சருகை விலக்கி மண்ணைக் கிளறிய விரலில் கல் தட்டியது. தட்டைக் கல். சாண் தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. சரிவு முழுக்க.

“அண்ணன் யாரையாச்சும் இங்க கூட்டிட்டு வந்தாரா?”

காவலன் ஓடைப் பக்கம் பார்த்தான். “போன மழைக்கு, நீங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப. கண்ணாடிக் கூடத்துல செடி வளக்கிறவராம், சிநேகிதர். கூடையோட வந்தாங்க. அண்ணிகிட்ட நானே சொல்லிக்கிறேன்னாரு. சொல்லலையா?”

செடிகளைத் தூக்கிக் கொடுக்கத் துணிந்த கைக்கு, கல் வைக்காமல் மூட மனம் வரவில்லை.

மருத்துவமனைக் கட்டிலில் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாரே, “மழைக்கு அந்தச் சரிவுப் பக்கம் போகாத, வழுக்கும்” என்று. தன் உயிர் போகிற நேரத்திலும் என் காலைப் பற்றிக் கவலைப்பட்டார் என்று, துக்கம் கேட்க வந்த அத்தனை பேரிடமும் சொல்லிச் சொல்லி அழுதிருந்தாள்.

“என்ன எழுதட்டும் அண்ணி?” காவலன் பேனா மூடியைப் பல்லில் கடித்திருந்தான். “இருக்குன்னு சொன்னீங்கன்னா இருக்குன்னு எழுதிடுவேன். அண்ணன் பேரும் கெடாது, ரோடும் வராது.”

அவள் கற்களைத் தோண்டியெடுத்து ஒவ்வொன்றாக வெயிலில் பரப்பினாள். ஈரத்தில் கறுத்திருந்தவை ஓரத்திலிருந்து மெல்ல வெளுக்கத் தொடங்கின. நடுவில் உள்ளங்கையளவு ஈரம் மட்டும் இன்னும் மிச்சமிருந்தது.