கணவாயில் தீர்ந்துபோன காற்று

பஸ்ஸில் வரும்போதே வழிகாட்டி யாங்க்யி சொல்லிவிட்டாள். "ஆக்சிஜன் கேன் ஒண்ணுதான் இருக்கு. யாரும் சும்மா எடுக்கக்கூடாது. அவசரத்துக்கு மட்டும்."

"உங்களுக்கு வேண்டாமா?" என்று கேட்டாள் சூ யிங். குவாங்சோவில் பல் மருத்துவர். வருடத்துக்கு ஒரு முறை தோழி ஹே மின்னோடு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறவள்.

"எங்க திபெத் மலைக்காரங்களுக்கு ரத்தமே வேற" என்றாள் யாங்க்யி.

இருவரும் அவளை மரியாதையோடு பார்த்தார்கள். பதினோரு வயதில் படிப்புக்காகச் சமவெளியில் உள்ள செங்டு நகரத்துக்கு இறங்கிப் போனவள், அதற்குப் பிறகு பதின்மூன்று வருடங்களில் நான்கு முறைதான் ஊருக்கு வந்திருக்கிறாள் என்பதை அவள் சொல்லவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவது இதுதான் முதல் தடவை என்பதையும் சொல்லவில்லை.

முதல் நாள் நடை முடிந்து கூடாரம் போட்டபோது யாங்க்யியின் தலைக்குள் யாரோ ஆணி அடிப்பது போலிருந்தது. குதிரையோடு வந்த தாய்மாமன் தர்கே, சம்பா என்கிற வறுத்த பார்லி மாவு இருந்த அவள் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"என்னடி, சம்பாவை உருட்டி உருட்டி அடுக்கி வச்சிருக்க? யாருக்குப் படையல்?"

"பசியில்ல மாமா."

"வெண்ணெய்த் தேநீரையும் தொடல. செங்டு மகாராணிக்குச் சர்க்கரை போட்ட டீதான் இறங்குமோ?"

அவள் சிரித்து வைத்தாள். ஊர்க்காரி ஒருத்திக்கு உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாமா அதை மூன்று பள்ளத்தாக்குக்குச் சொல்லிச் சிரிப்பார். விடிவதற்கு முன்னால் கேனை எடுத்துக்கொண்டு யாக் சாணம் அடுக்கியிருந்த மதிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, மூக்கில் வைத்து அழுத்தினாள். தலை கொஞ்சம் தெளிந்தது. கொஞ்சம்தான் என்று நினைத்தாள். பாதையில் இரண்டு முறை பாறை மறைவுக்குப் போனாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான்.

பிற்பகலில் கணவாயை எட்டினார்கள். மாமா மந்திரம் எழுதிய துணிக்கொடிகளுக்குக் கீழே நின்று "லா கியாலோ!" என்று தெய்வங்களுக்கு வெற்றி கூவினார். ஹே மின்னும் கூவ வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. முழங்கால் மடங்கி, பையோடு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். உதடு நீலமாகிவிட்டது.

"கேன்! கேன் எங்க?" என்று கத்தினாள் சூ யிங்.

எடுக்கும்போதே கேன் கனக்கவில்லை. யாங்க்யிக்கு அது கையிலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஹே மின்னின் முகத்தில் வைத்து அழுத்தினாள். 'உஸ்' என்று ஒரு சிறு சத்தம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

மாமா கேனை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். யாங்க்யியின் முகத்தையும் பார்த்தார். பிறகு திபெத்திய மொழியில் சொன்னார். "கடையிலயே காலி டப்பாவைக் கொடுத்துட்டாங்க போலிருக்கு."

"என்ன சொல்றார்?" என்றாள் சூ யிங்.

யாங்க்யி அதைச் சீன மொழியில் சொன்னாள். ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

குதிரை முதுகில் ஹே மின்னைக் கட்டி, மாமா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு இறங்கினார். இரண்டு மணி நேரம். யாங்க்யி கடைசியாக வந்தாள். முன்னால் தொங்கிய அந்தத் தலை ஒவ்வொரு முறை ஆடும்போதும், இன்னும் மூச்சு இருக்கிறதா என்று பார்த்தாள். அதைத் தவிர வேறெதையும் பார்க்கத் துணிவில்லை.

இறங்க இறங்க ஹே மின்னுக்கு நிறம் திரும்பியது. கீழே இருந்த புத்த மடத்தை அடைந்தபோது தண்ணீர் கேட்டாள். சமையல்கட்டுத் துறவி அவளை அடுப்போரம் படுக்க வைத்து, "இவ்வளவு லேசா இருக்காளே, காத்து எங்க தங்கும்?" என்று போர்த்திவிட்டார். ஹே மின் தூங்கிப்போனாள்.

சூ யிங் சுவரோரம் உட்கார்ந்து கைபேசியில் எழுத ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"கடை பேர் என்ன? நாம பஸ் ஏறின இடத்துல பச்சைக் கதவு, அதுதானே? பயணிகளோட இணையப் பக்கத்துல போடறேன். இனி ஒருத்தரும் அங்க கால் வைக்கக்கூடாது. இது கொலை."

பச்சைக் கதவு டோல்கர் அக்காவுடையது. கேனை விற்றபோது ஒருமுறை அழுத்தி, "கேட்டுதா? நிறைஞ்சிருக்கு" என்று காட்டியிருந்தாள். வழியில் மெல்லு என்று காய்ந்த பாலாடைக்கட்டியும் கைநிறையத் திணித்தாள். யாங்க்யி தனியாகத்தான் போயிருந்தாள். வேறு சாட்சி இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அந்தக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதுகுப்பைக்காரர்கள்.

"கடை மேல தப்பில்ல" என்றாள். "நான்தான் தீர்த்தேன்."

சூ யிங்குக்குப் புரியவில்லை.

"எனக்குத்தான் முடியல. நேத்துல இருந்து. ஒளிஞ்சு ஒளிஞ்சு எடுத்தேன். நிறைஞ்ச கேன்தான் கொடுத்தாங்க."

"உங்க ரத்தமே வேறன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

சூ யிங் எழுதியதை அழித்தாள். எழுந்து போய் ஹே மின்னின் நாடியைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, திரும்பி வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் யாங்க்யிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்க மாமாகிட்ட கேளுங்க. நாளைக்கு எங்களை அடுத்த ஊர் பஸ்ஸுக்கு அவர் மட்டும் கூட்டிட்டுப் போவாரா? நீங்க வர வேண்டாம்."

மாமாவுக்குச் சீன மொழி தெரியாது. அவரிடம் அதைச் சொல்ல அங்கே வேறு ஆளும் இல்லை.

அவள் சொன்னாள். 'நீங்க வர வேண்டாம்' என்பதையும் சேர்த்தே சொன்னாள். மாமா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"காலைல அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுதுடி. குதிரைதான் தும்முதுன்னு நினைச்சேன். கணவாயில உன் மூஞ்சியைப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது." அவர் தரையைப் பார்த்தார். "எங்க அக்கா பொண்ணுன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். டோல்கர் மூஞ்சில இனி எப்படி முழிப்பேன்? நானே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லு. நீ எப்படி இறங்குவ? இன்னும் வலிக்குதா?"

"வலிக்குது."

"என்ன சொல்றார்?" என்றாள் சூ யிங்.

கடையைப் பற்றிச் சொன்னதற்கு மாமா வெட்கப்படுவதையும், அவர் வருவார் என்பதையும் யாங்க்யி சொன்னாள். பிறகு நிறுத்தினாள்.

"இன்னும் ஏதோ கேட்டாரே. நீங்களும் பதில் சொன்னீங்க."

"தலை வலிக்குதான்னு கேட்டார். வலிக்குதுன்னு சொன்னேன்."

சூ யிங் தன் பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். இரண்டைப் பிதுக்கி, யாங்க்யியின் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாள்.

"எட்டு மணி நேரத்துக்கு ஒண்ணு. நிறையத் தண்ணி குடிங்க."

வலியில் வருகிற எந்த நோயாளியிடமும் சொல்கிற குரல். யாங்க்யி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஒன்றை விழுங்கவே வெகு நேரம் ஆனது.