கல்லுக்கு வைத்த பெயர்

எங்கள் ராஜாவின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவர் இறந்து எட்டு மாதமாகிறது. எங்கள் சகலாவா இனத்தில் ராஜா கண்ணை மூடினால் அவருடைய பெயரும் கூடவே போய்விட வேண்டும். யாராவது அதைச் சொன்னால் ஒரு காளை அபராதம். என்னிடம் இருப்பது ஒரே காளை. அதற்கும் ஒரு கண் தெரியாது.

தொல்லை என்னவென்றால், அந்தப் பெயரை ஒரு கல்லுக்கும் வைத்துத் தொலைத்திருக்கிறோம்.

கல்லைத் தோண்டி எடுத்தவன் ஃபியவோட்டா. பச்சையும் நீலமும் கலந்த கல். தலைநகரிலிருந்து வந்த நிலவியல்காரர் ஒரு துண்டு வாங்கிப் போனார். அடுத்த மழையில் குழி சரிந்து ஃபியவோட்டா செத்துப்போனான். அதற்குப் பிறகுதான் கடிதம் வந்தது. இது புதுக் கனிமம், மடகாஸ்கரிலேயே உங்கள் ஊரில் மட்டும்தான் இருக்கிறது, கண்டெடுத்தவர் பெயரையே வைக்கலாமா என்று கேட்டிருந்தார்கள்.

நான் ஊராட்சி எழுத்தர். கூட்டத்தில் கடிதத்தைப் படித்தேன். ஃபியவோட்டாவின் மனைவி கலு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ராஜா இருக்கறப்போ குழி வெட்டுறவன் பேரா?" என்றார் ஊர்ப் பெரியவர் த்சிஃபா மாமா. "நல்லாருக்குடா உங்க நியாயம்!"

தன் பெயர் வேண்டாம் என்று ராஜா இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

அந்தப் பெயர் எத்தனை நாளைக்கு உதவும் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ராஜாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஆனால் உயிரோடு இருக்கிற ராஜாவின் சாவைப் பற்றிப் பேசினாலும் காளைதான். அதனால் கை தட்டினோம்.

கலு மட்டும் பிறகு என்னிடம் வந்தாள். "என் புருஷன் பேரையும் ஒரு ஓரமா எழுதுங்கண்ணே."

ஓரத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். கடிதத்தோடு வந்த படிவத்தில் அரைப் பக்கம் காலியாகக் கிடந்தது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு வருடம் ராஜா பெருமையாகத் திரிந்தார். பிறகு காய்ச்சலில் போனார்.

மறுவாரமே சந்தையில் குழப்பம். கல் விற்கிறவர்கள் "அது", "இது" என்று கையைக் காட்டினார்கள். வெளியூர் வியாபாரி ஒருவன் "அதுன்னா எது? கண்ணாடியா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினான். த்சிஃபா மாமா பெயரின் முதல் எழுத்துவரை வந்து, வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

கலு கூடையைத் திறந்து வைத்துக் கூவினாள். "ஃபியவோட்டா கல்லு! வாங்க, ஃபியவோட்டா கல்லு!"

குழி வெட்டுகிறவன் பெயருக்குத் தடை ஏது? செத்த பிறகும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். மாதம் முடிவதற்குள் ஊரே அப்படித்தான் சொன்னது.

நேற்று ராணி சந்தைக்கு வந்தார். நேராகக் கலுவிடம் போனார்.

"அவர்கிட்ட இருந்ததை எல்லாம் கூடவே புதைச்சுட்டாங்க. எனக்கு ஒண்ணு குடு."

"என்ன கல்லு ராணிம்மா?"

சந்தை அப்படியே நின்றுவிட்டது. ராணி கூடைப்பக்கம் குனிந்தார்.

"ஃபியவோட்டா கல்லு."

"காதுல விழலீங்களே."

"ஃபியவோட்டா கல்லு!" என்றார் ராணி, மீன்காரிகளுக்கும் கேட்கிற மாதிரி.

கலு இருப்பதிலேயே நல்ல கல்லாக எடுத்துக் கொடுத்தாள். புருஷனைப் புதைத்த அன்றுகூட அழாதவள், கூடைமேல் கவிழ்ந்து அழ ஆரம்பித்தாள்.

ராணி அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"அழாதடி," என்றார். "நீயாவது உன் புருஷனைப் பேர் சொல்லி அழலாம்."