ஒன்பதடி ஆட்சேபம்

கல்லூரியிலிருந்து அறுபது பெஞ்சுக்கு வேலை வந்த அன்றைக்கே முழக்கோலுக்குச் சந்தேகம். புது அரங்கம் கட்டுகிறவன் தனித்தனி நாற்காலி அல்லவா கேட்பான்? அந்தத் தச்சருக்குத் தெரு முழுக்க முழக்கோல் என்று பேர் விழுந்ததே இந்தக் குணத்தால்தான். கடையில் வாங்கிய டேப்பைக்கூடத் தன் கோலை வைத்துச் சரிபார்க்கிற ஆள். பெஞ்சு ஒன்பதடி நீளம், நடுவில் தடுப்பு வேண்டாம், கைப்பிடி வேண்டாம் என்று கல்லூரி மேலாளர் சிரித்துக்கொண்டே மூன்று தடவை சொன்னார். சிரிக்கிறவன் பல்லைத்தான் காட்டுவான், மனசைக் காட்டமாட்டான். இருந்தாலும் வந்த வேலையை விட முடியுமா? மாதிரிக்கு ஒரு பெஞ்சை இழைத்து நிறுத்தினார்.

மறுநாள் பட்டறைக்கு எதிர்க் கம்பத்தில் நகராட்சிக்காரன் ஒரு நோட்டீஸ் ஒட்டினான். முழக்கோல் எழுத்துக் கூட்டிப் படித்தார். இந்த நகரத்தை நகராட்சி இது வீட்டுக்கு, இது கடைக்கு, இது கல்லூரிக்கு என்று படத்தில் கலர் கலராகப் பங்கு போட்டு வைத்திருக்கிறது. கல்லூரி தன் கலருக்குள் அரங்கம் கட்டலாம். ஆனால் நாலு இருக்கைக்கு ஒரு வண்டி வீதம் தன் மதிலுக்குள்ளேயே நிறுத்த இடம் விட வேண்டும். நோட்டீஸில், இருக்கை அறுபது, வண்டிக்கு இடம் பதினைந்து என்று இருந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு வரலாம்.

"அறுபதா? அது என் பெஞ்சு எண்ணிக்கையாச்சே" என்றார் முழக்கோல்.

ஒரு ஆளுக்கு ஒன்றரை அடி. ஒன்பதடிக்கு ஆறு பேர். அறுபது பெஞ்சில் முந்நூற்று அறுபது பேர் உட்காருவார்கள். வண்டிக்குத் தொண்ணூறு இடம் வேண்டும். பதினைந்து போக மிச்ச வண்டியெல்லாம் எங்கே நிற்கும்? கல்லூரி மதிலை ஒட்டிய இந்தத் தெருவில்தான். முனையில் ஒரு கார் நின்றாலே மைத்துனன் ஓட்டிவரும் பலகை வண்டி திரும்பாது. பலகை வராத பட்டறையில் ஈ ஓட்டலாம்.

மனைவியிடம் சொன்னார். "இந்தாங்க, வீடு தேடி வந்த வேலைங்க இது. உங்க வாய்க்கு ரெண்டு ஆணி அடிச்சாத் தேவலை" என்றாள்.

"அறுபது பெஞ்சு ஆறு மாசத்து வேலைடி. அரங்கம் நம்ம காலத்துக்கும் நிக்கும்."

"அப்ப போய்ப் பேசுங்க. பேசத்தான் தெரியுமா உங்களுக்கு? நாலு பேர் நிமிர்ந்து பாத்தா நாக்கு ஒட்டிக்கும்."

அது உண்மைதான். அதனால் செவ்வாய்க்கிழமை முழக்கோல் பேச்சை நம்பவில்லை. மைத்துனன் ஒரு முனை, தான் ஒரு முனை என்று பெஞ்சைத் தூக்கிக்கொண்டு நகராட்சிக் கட்டடத்தில் இரண்டு மாடி ஏறினார்.

வாசலில் காவலாளி மறித்தான். "என்னய்யா இது?"

"ஆட்சேபம். ஒம்பது அடி."

"மாமா, சீக்கிரம் சொல்லி முடிங்க. தோள்பட்டை கழண்டுரும்" என்றான் பின்னாலிருந்து மைத்துனன்.

கூட்ட அறையில் நாற்காலி பத்துதான். தெருக்காரர்கள் ஒரு மணி நேரமாகச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். கல்லூரி மேலாளருக்கும் இடம் கிடைக்கவில்லை. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி விளக்கிக்கொண்டிருந்தார். படிவத்தில் எத்தனை இருக்கை என்று கேட்டிருக்கிறது, அரங்கத்தில் அறுபது போடுகிறோம், அறுபது என்று எழுதினோம், இதில் என்ன தப்பு?

திட்ட அதிகாரியம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "தச்சரே, நீங்க என்ன சொல்றீங்க?"

முழக்கோலுக்கு மனைவி சொன்னபடியே நாக்கு ஒட்டிக்கொண்டது. "இதான் அந்த இருக்கைங்க" என்று மட்டும் சொல்லி, பெஞ்சைச் சுவரோரம் இறக்கினார்.

"ஒரு பெஞ்சு, ஒரு இருக்கை. அதைத்தானே நானும் சொல்றேன்" என்றார் மேலாளர்.

"அப்ப ஒம்பது அடி எதுக்கு?" என்றாள் அதிகாரியம்மா.

"பிள்ளைங்க பை வைக்கம்மா."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கால் கடுத்து நின்றிருந்த தபால்காரர் மெல்ல வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் தையல்காரி. அப்புறம் எதிர்வீட்டு நர்ஸ், அவள் மாமியார். மைத்துனன் தோளைத் தேய்த்துக்கொண்டு நடுவில் புகுந்தான். "மாப்ளே, நீ ஒன்னே முக்கால் ஆளு. ஒடுங்கி உக்காரு" என்றார் முழக்கோல். ஓரத்தில் ஒன்றரை அடி மிச்சம் இருந்தது. மேலாளர் நெற்றியைத் துடைத்தபடி, பேசுகிற சுவாரஸ்யத்திலேயே அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் "அப்பாடா" என்று வேறு சொன்னார்.

அதிகாரியம்மா பேனாவால் இந்தக் கோடியிலிருந்து எண்ணிக்கொண்டே போய் அவரிடம் நிறுத்தினாள். "ஆறு."

மேலாளர் விருட்டென்று எழுந்தார். எழுந்து என்ன பிரயோசனம்? எழுதிவிட்டாள்.

ஒன்றரை அடிக்கு ஒரு இருக்கை என்று தீர்ப்பானது. தொண்ணூறு வண்டிக்கு மதிலுக்குள் இடம் இல்லாததால் கல்லூரி அரங்கத்தைச் சின்னதாக்கிக்கொண்டது. அறுபது பெஞ்சு இருபதாகக் குறைந்தது.

"நாப்பது பெஞ்சை ஒரே நாள்ல முழுங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள் மனைவி. ஆனால் அதைத் தெருவில் நாலு பேரிடம் சிரித்துக்கொண்டே சொன்னதையும் முழக்கோல் கேட்டார்.

மாதிரி பெஞ்சு திரும்பி வரவேயில்லை. அதில் உட்கார்ந்தவர்கள் அன்றைக்கு எழுந்தால்தானே. மறுவாரம் நகராட்சியிலிருந்து ஒரு எழுத்தர் பட்டறைக்கு வந்தான். வராந்தாவில் காத்திருக்கிறவர்களுக்கு இதே மாதிரி பெஞ்சு வேண்டுமாம்.

"எத்தனை பெஞ்சு?" என்று உள்ளிருந்து மனைவி கேட்டாள்.

"நீ சும்மா இரு" என்றார் முழக்கோல். கோலை எடுத்துக்கொண்டு எழுத்தரைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, பெஞ்சுக் கணக்கு எனக்கு வேண்டாம். எத்தனை பேர் உக்காரணும், அதைச் சொல்லு."

தெருமுனையில் பலகை வண்டி ஒரே ஒடிப்பில் திரும்பி உள்ளே வந்தது.