ஃப்ரீசரில் வைத்த சறுக்குக்கட்டைகள்

யோலானாவுக்கு வலது மணிக்கட்டு விடிந்ததிலிருந்தே விண் விண்ணென்று தெறித்தது. ஆறு நாள் மர மில்லில் ஈரப் பலகைகளைத் தூக்கி அடுக்கிய கை. ஏழாம் நாளாவது அதற்கு ஓய்வு கொடுக்கலாம் என்றிருந்தாள். சமையலறைக்குள் வந்து, கணவன் சிப்ரியான் நேற்றுச் சாயங்காலம் மெழுகு பூசி வைத்திருந்த பனிச்சறுக்குக் கட்டைகளைத் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், சுரண்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சத்தம் கேட்டு அவன் சட்டை போடாமல் ஓடிவந்தான்.

"என்ன பண்ற யோலா? பத்து மணிக்கு ஓட்டம். அத பூச எனக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு."

"தெரியுது. ரொட்டிக்கு வெண்ணெ தடவுற மாதிரி தடவி வச்சிருக்க."

"வெளிய ஆறு டிகிரி. ஆறு டிகிரிக்கு மஞ்சள்னு டப்பாவுலயே போட்டிருக்கு."

"டப்பா வந்து லாரி ரோட்ட பாத்துச்சா?"

ஓட்டப் பாதையில் முதல் நான்கு கிலோமீட்டர் மர லாரிகள் போகிற ரோட்டை ஒட்டியே போகும். மார்ச் கடைசிப் பனி. பகலில் உருகி, ராத்திரியில் அரைகுறையாய் இறுகி, பரல் பரலாகக் கிடந்தது. அதன்மேல் ஊசியிலை, மரப்பட்டை, ரம்பத்தூள், டீசல் கரி. மஞ்சள் மாதிரி இளகின மெழுகு ஈரத்தில் நன்றாக வழுக்கும்தான். அழுக்கையும் அதே ஆசையோடு கட்டிக்கொள்ளும். அரைமணி நேரத்தில் கட்டைக்கு அடியில் தாடி முளைத்துவிடும்.

வனக்காவலர் வேலைக்கு மற்ற தேர்வெல்லாம் அவன் தாண்டிவிட்டான். மிச்சம் இந்த ஓட்டம் ஒன்றுதான். பன்னிரண்டு கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள். தவறினால் திங்கட்கிழமை விடியற்காலை ஆஸ்திரியாவுக்குப் பஸ். ஆறு வருடமாக அங்கே கட்டட வேலை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து, அழுக்குத் துணியைப் போட்டுவிட்டு, தூங்கி எழுந்து போய்விடுவான். அவனுடைய பயணப் பையை வாசலில் பார்த்துப் பார்த்து யோலானாவுக்கு வெறுத்துப்போயிருந்தது. இந்தத் தடவையும் அவன் முன்கூட்டியே பையைக் கட்டி வைத்திருந்தது இன்னும் எரிச்சல்.

கட்டையின் முன்பாகமும் பின்பாகமும் வழுக்க வேண்டிய இடம். அங்கே கடுங்குளிருக்கான கெட்டி மெழுகை இஸ்திரிப்பெட்டியில் உருக்கித் தேய்த்து, ஆறவிட்டுச் சுரண்டினாள். அதற்கு மேல், அழுக்கு ஒட்டாமலிருக்க, கிராஃபைட் கலந்த கறுப்பு மெழுகு. மறுபடியும் சுரண்டல், பிரஷ். மஞ்சளை டப்பாவிலேயே விட்டாள். நடுவில், பாதத்துக்குக் கீழேதான் பனியைப் பிடித்து உந்த வேண்டும். அங்கே குழாயில் வரும் பசைமெழுகு. நீலத்தை மெல்லிசாக இழுத்துச் சூடு காட்டினாள். மேலே வருவது உரிந்துபோகாமல் அதுதான் பிடித்துவைக்கும். அதன்மேல் ஈரப் பனிக்கான சிவப்பைக் கட்டைவிரலால் தடவினாள். கடைசியாகக் கெட்டி மெழுகை ஒரு பூச்சு போர்த்திவிட்டால் ஊசியிலை ஒட்டாது. ஆனால் அடியில் இருக்கிற பசை கல்லாய் இறுகியிருக்கும்போது போர்த்த வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் குழைந்து கூழாகிவிடும்.

மற்ற நாளாக இருந்தால் கட்டையை வாசலில் சாய்த்து வைத்தால் போதும். இன்றைக்கு வாசலே அடுப்படி மாதிரி இருந்தது.

"ரெகினாக்கா ஃப்ரீசர்," என்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா? ரெண்டு மீட்டர் கட்ட."

"அவங்களே கால் நீட்டிப் படுக்கலாம், அவ்ளோ பெருசு. தூக்கு."

எதிர்வீட்டு ரெகினா இரவு உடையோடு கதவைத் திறந்தாள். "ஏண்டி, விடிஞ்சும் விடியாம ரெண்டு பேரும் கட்டைய தூக்கிட்டு வர்றீங்க. யாரு செத்தது?"

"அக்கா, இத நாப்பது நிமிஷம் ஃப்ரீசர்ல வைக்கணும்."

"என் பன்னிக்கறி எங்க போகும்?"

"கொஞ்சம் ஒதுங்கிப் படுக்கச் சொல்லுங்க."

ரெகினா திட்டிக்கொண்டே எதையெதையோ வெளியே எடுத்து வைத்து இடம் பண்ணினாள். கட்டைகளின் முனை இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பாதி திறந்த மூடியைச் சுற்றிக் கம்பளியைத் திணித்தார்கள். நாற்பது நிமிடம் கழித்துத் தொட்டால் பசை கண்ணாடிபோல் இருந்தது. யோலானா அங்கேயே மண்டியிட்டு, கெட்டி மெழுகை மேலாக இழுத்து, தக்கையால் நோகாமல் நீவினாள்.

"வெளிய போனா இளகிடாதா?" என்றான் சிப்ரியான்.

"இளகும். மேல தோல் இருக்கும். நீ எங்கயும் நிக்காத. நின்னா ஒட்டும். எவன் கூப்பிட்டாலும் நிக்காத."

மூன்று நிமிடத்துக்கு ஒருவராக விட்டார்கள். ஐந்து பேரில் சிப்ரியான் கடைசி. யோலானா முடிவுக்கோட்டருகே கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றாள். முதலில் வந்தவனுக்கு அறுபத்து நான்கு நிமிடம். இளவட்டம், எருமைபோல் பலம். கட்டையைக் கழற்றித் திருப்பினான்; ஒரு முழ நீளத்துக்கு ஊசியிலையும் பட்டையும் அப்பிக்கிடந்தன. "ரோட்டையே தூக்கிட்டு வந்துட்டேன்," என்று எச்சில் துப்பினான். அடுத்தவனுக்கு அறுபத்தாறு. அதன்பின் அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கடைசி மேட்டில் சிப்ரியானின் சிவப்புக் குல்லாய் தெரிந்தது. அவனுக்கு முன்னால் புறப்பட்ட இரண்டு பேரை இன்னும் காணோம்.

"ஐம்பத்தெட்டு நாப்பது," என்றார் நேரம் குறிப்பவர்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"எத்தன தடவ சொன்னாலும் அதேதாம்மா."

யோலானா ஈரப் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்பக்கம் நனைந்து ஜில்லென்று ஏறியது, எழத் தோன்றவில்லை. ஆறு வருடமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த ஏதோ ஒரு மூட்டையை யாரோ இறக்கிவிட்டதுபோல் மூச்சு நீளமாக வந்தது. பக்கத்தில் சிப்ரியான் மல்லாந்து விழுந்து கிடந்தான்.

"மேட்டுல ஒரு தடவகூட பின்னால வழுக்கல, யோலா."

"பேசாத. மூச்சு விடு."

"திங்கக்கிழம..."

"திங்கக்கிழம நீ அந்தக் கூரைய பிரிச்சு மேயுற. ஆறு வருஷமா ஒழுகுது."

அவன் சிரிக்கப் போய் இருமினான். அவள் அவனுடைய கட்டை ஒன்றைத் திருப்பி விரலால் துடைத்தாள். கரி இருந்தது. இலை ஒன்றுகூட இல்லை.

அவர்கள் வீடு திரும்பியபோது ரெகினா மடியில் ஒரு பெரிய பேசினோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"வேல கெடச்சுதா?"

"கெடச்சுதுக்கா."

"சந்தோஷம்," என்றாள், நிஜமாகவே முகம் மலர்ந்து. பிறகு பேசினை முன்னால் தள்ளினாள். "இப்ப இத பாரு. உங்க கட்டைக்கு எடம் குடுத்துட்டு அடுப்பு பக்கத்துல வச்சத மறந்தே போனேன். தண்ணியா ஒழுகி நிக்குது. திரும்ப ஒறைய வச்சா நாய்கூட திங்காது."

உள்ளே ஒரு முழுப் பின்னந்தொடை கிடந்தது. அன்றைக்கு மத்தியானமே அதை வறுத்து மூன்று பேருமாய்ச் சாப்பிட்டார்கள். மிச்சப் பாதியைத் தெருக்காரர்கள் தின்றார்கள். டிசம்பரில் பன்றி அறுக்கும்போது யோலானா ரெகினாவுக்கு ஒரு பின்னந்தொடை கொடுக்க வேண்டும். அது பாக்கி.