லைட்டைப் போடாதே

டெஸ்ஸுக்குச் செடி வளர்க்கத் தெரியாது. எலிசபெத் என்ற ஊரிலிருந்த கார் தொழிற்சாலையில் ஆயுசு முழுக்கக் கதவு மாட்டியவன் அவன். வீட்டுப் பின்பக்கத் தோட்டம் அவன் மனைவி கிளெனிஸின் ராஜ்ஜியம். தக்காளி, பீன்ஸ், எலுமிச்சை எல்லாம் அவள் கைராசி. அவன் ஆசையாகக் குழாயைப் பிடித்தால்கூட, "போதும் போதும், அது செடியா நீச்சல் குளமா?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து கத்துவாள். அப்படிப்பட்டவன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, போலீஸுக்குப் பயந்து பயந்து, வீட்டுக்குள் கஞ்சாச் செடி வளர்க்கக் கிளம்பினான் என்றால் வேறு வழி இல்லை என்றுதானே அர்த்தம்?

கிளெனிஸுக்கு வயிற்றில் புற்றுநோய். மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து சாப்பாட்டு வாசனை பட்டாலே குமட்டல். ஐஸ் போட்ட கருந்திராட்சைச் சர்பத்து மட்டும்தான் இறங்கும். அதுவும் பாதி நாள் வந்த வழியே திரும்பிவிடும். டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: உடம்பு கொஞ்சமாவது தேறினால்தான் அடுத்த சுற்று மருந்து, இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டியதுதான். நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை.

தொழிற்சாலைக் கூட்டாளி நெவ் ஒரு சாயங்காலம் வந்து, பின்வாசல் படியில் உட்கார்ந்து, கஞ்சாவைச் சுருட்டிப் பற்றவைத்துக் கிளெனிஸிடம் நீட்டினான். "இழுத்துப் பாரும்மா. செத்தா போயிடப் போறே?" என்றான். வாயில் சனி! ஆனால் கிளெனிஸ் சிரித்துவிட்டாள். இரண்டு இழுப்பு இழுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "டெஸ், எனக்குப் பட்டாணி சூப்புல மெதக்குற கறி 'பை' வேணும். மேலே தக்காளி சாஸ் நெறைய" என்றாள். மாவுக்குள் கறி அடைத்துச் சுட்ட அந்தப் பலகாரத்துக்காகக் கடைக்கு ஓடினான். வாங்கி வந்ததை ஒரு சொட்டு மீதம் வைக்காமல் தின்று தீர்த்து, கிண்ணத்தை ரொட்டியால் துடைத்தும் தின்றாள். டெஸ் துணி துவைக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

நெவ் அடுத்த மாதமே மகனோடு இருக்கக் குவீன்ஸ்லாந்துக்கு மூட்டை கட்டிவிட்டான். போகும்போது விட்டுப்போனது நாலைந்து விதைகளும் செடி வளர்க்கும் ஒரு கறுப்புத் துணிக் கூடாரமும்தான். அந்த நாளில் இதை மருந்தென்று சீட்டெழுதித் தர எந்த டாக்டருக்கும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. தோட்டத்தில் ஒரு செடி என்றால் அபராதத்தோடு போகும். ஆனால் வெளியே வைத்தால் அது இலையுதிர் காலத்தில்தான் பூக்கும். அதுவரை கிளெனிஸ் தாங்க வேண்டுமே! வீட்டுக்குள் விளக்கு போட்டு வளர்த்தால் சீக்கிரம் பூக்கவைக்கலாம், மாட்டினால் கோர்ட்டு. டெஸ் விளக்கு வாங்கப் போனான்.

அந்த மாதிரி விளக்கு விற்கும் கடைகளில் யாரும் கஞ்சா என்ற பெயரைச் சொல்வதில்லை. டெஸ்ஸுக்கு அது தெரியாது.

"ஒரு லைட்டு வேணும்மா. என் வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்ல, அதான் ஒரு கஞ்..."

கடைக்காரி டோனியா கையை உயர்த்தினாள். கழுத்து வரை பச்சை குத்திய ஆஜானுபாகுவான பெண். "தக்காளி வளர்க்கப் போறீங்க. அப்படித்தானே அண்ணே?"

"தக்காளி இல்லம்மா. தக்காளி தோட்டத்துலயே..."

"அண்ணே. இந்தக் கடைக்கு வர்ற எல்லாருக்கும் தக்காளிதான்."

பழைய சோடியம் பல்பு அடுப்பு மாதிரி, வெயில் காலத்தில் செடியை வேகவைத்துவிடும், எல்.இ.டி. வாங்குங்கள், குளுகுளுவென்று இருக்கும் என்றாள். கூடவே நெற்றியில் மாட்டிக்கொள்ளும் பச்சை டார்ச் ஒன்றையும் எடுத்துவைத்தாள். "பூ விடும்போது உங்க தக்காளிக்கு அரை நாள் வெளிச்சம், அரை நாள் கும்மிருட்டு. அந்த இருட்டுல வெள்ளை வெளிச்சம் ஒரு கீத்து பட்டாலும் அதுக்குப் புத்தி பேதலிச்சுடும். பூவெல்லாம் விதையாப் போயிடும், எல்லாம் பாழ். உள்ளே போகணும்னா இந்தப் பச்சையை மாட்டிக்கிட்டுப் போங்க. பச்சை மட்டும் அது கண்ணுக்குத் தெரியாது."

டெஸ் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். தெரியாத வேலையில் இறங்கியவன் சொன்னதை எல்லாம் அப்படியே பிடித்துக்கொள்வான், பாவம்.

காலி அறையில் கூடாரம் எழுந்தது, உள்ளே ஊதா நிற வெளிச்சம் எரிந்தது. விதைகளில் ஒன்றே ஒன்று தேறியது. கட்டிலிலிருந்தே கிளெனிஸ் அதிகாரம் பண்ணினாள். "இலை எப்படி இருக்கு? கீழ மஞ்சளா? சொல்லத் தெரியாட்டி ஒண்ணு கிள்ளிட்டு வா." செடிக்கு ராணி என்று பெயரும் வைத்தாள். ராணிக்குப் பூ வந்தது. டெஸ் தன் மகள் பிறந்தபோது நின்ற மாதிரி அதன் முன்னால் நின்றான்.

அப்புறம்தான் ஜனவரி வெயில் வந்தது. அந்தத் தேசத்தில் ஜனவரிதான் கடுங்கோடை. அப்பப்பா, என்ன வெயில்! தார் இளகிச் செருப்பில் ஒட்டியது, மரத்திலிருந்த வௌவால்கள் செத்து விழுந்தன. குளுகுளு விளக்காம், குளுகுளு! வெளியே நெருப்பு கொட்டும்போது எந்த விளக்கு குளுகுளுவென்று இருக்கும்? ராணியின் இலைகள் ஓரம் சுருண்டன. வீட்டில் ஏசி இருந்தது ஒரே ஓர் அறையில், கிளெனிஸ் படுத்திருந்த அறையில்.

"இங்கே தூக்கிட்டு வா. ரெண்டு நோயாளிக்கும் ஒரே வார்டு. நர்ஸுக்கும் அலைச்சல் மிச்சம்" என்றாள்.

கூடாரம் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தது. ராத்திரி கொஞ்சம் சூடு தணிவதால் விளக்கை ராத்திரிக்கு மாற்றினான். பகல்தான் ராணிக்கு இருட்டு. பகலில் கூடாரத்தை மூடிவைத்தால் உள்ளே வெந்துவிடும் என்பதால் அதன் வாசலைத் திறந்து ஏசிக் காற்றை உள்ளே விட வேண்டும். அதனால் அறையையே கும்மிருட்டாக்கினான். ஜன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டி, மேலே போர்வை மாட்டினான். அந்த வெயிலில் தெருவில் பாதி வீட்டு ஜன்னல்களில் அலுமினியத் தாள்தான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கதவுக்கு வெளியே நடையிலும் கம்பளி தொங்கியது. ஐஸ் பெட்டி, சர்பத்து, துண்டு, வாளி எல்லாவற்றையும் விடிவதற்குள் உள்ளே கொண்டுவந்துவிட்டால், சாயங்காலம் வரை கதவு திறக்காது. பகல் முழுக்க டெஸ் பச்சை டார்ச்சோடு அவள் பக்கத்தில் இருப்பான்.

"பச்சைத் தவளையைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்பாள் கிளெனிஸ்.

"நீ மட்டும் என்ன, தவளைக்குப் பொண்டாட்டி."

"டேய், இந்த ராணி பழுத்ததும் எனக்கு என்னென்ன வேணும் தெரியுமா? ஆட்டு சாப்ஸ், உருளைக்கெழங்கு மசியல், நம்ம மக கெரின் செய்ற பவ்லோவா கேக்கு. நான் தின்னு தின்னு வெடிக்கணும்."

வெயில் உச்சத்துக்குப் போன அந்த வெள்ளிக்கிழமை, போர்ட் பிரீயிலிருந்து மகள் கெரின் வருவதாக இருந்தது. ராணியைப் பற்றியும் அதன் இருட்டைப் பற்றியும் கிளெனிஸ் அவளுக்குப் போனில் சொல்லியிருந்தாள். காலையிலேயே கிளெனிஸுக்குக் குமட்டல் ஆரம்பித்தது. டெஸ் கிண்ணத்தைப் பிடித்தான். பச்சை வெளிச்சத்தில் கறுப்பாக ஏதோ விழுந்தது. சர்பத்து எப்போதும் அந்த வெளிச்சத்தில் கறுப்பாகத்தான் தெரியும். வாளியில் கொட்டினான், வாயைத் துடைத்தான்.

"சர்பத்துதான். ஒண்ணும் இல்ல" என்றான்.

"ம்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. அப்புறம் மறுபடியும். வாசனையாவது காட்டிக்கொடுத்திருக்கலாம். பூ முற்றிய ராணியின் நெடி அந்த அறையில் வேறு எந்த வாசனையையும் விட்டுவைக்கவில்லை. அவள் கை சில்லிட்டிருந்தது. ஏசிக் குளிர் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டான். முகத்தைப் பார்த்தான். எப்போதும் போலப் பச்சை. கண்ணை மூடிக்கொண்டு மூச்சு வாங்கினாள். அது மட்டும் அவனுக்கு என்னவோ செய்தது.

"கிளென், ஒரு நிமிஷம் லைட்டைப் போட்டுப் பாக்கட்டுமா?"

"வாயை மூடு. இன்னும் ஒரு வாரம்தானேடா பாக்கி? இப்போ போயி ராணியைக் கெடுத்தே, எந்திரிச்சு வந்து உன்னை மிதிப்பேன்."

மிதிக்கிறேன் என்கிறாளே, தெம்பாகத்தான் இருக்கிறாள் என்று அவனுக்குச் சந்தோஷம். மடையன்! இன்னொரு கரண்டி ஐஸை அவள் வாயில் வைத்தான்.

மத்தியானம் வாசலில் சாவி திரும்பும் சத்தம். "ஷ்ஷ்... என்ன வெயில்டா சாமி! அம்மா? எங்கே இருக்கீங்க?" கெரின் நடையைக் கடந்து, கம்பளியை ஒதுக்கி, கதவைத் திறந்தாள். வெளியே கண் கூசிய வெளிச்சத்திலிருந்து வந்தவளுக்கு உள்ளே ஒன்றும் புலப்படவில்லை. அவள் கை சுவரில் சுவிட்சைத் தேடியது.

"லைட்டைப் போடாதே!" டெஸ் அலறினான்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலப்பா" என்று சொல்லிக்கொண்டே போட்டுவிட்டாள்.

தலையணை சிவப்பு. போர்வை சிவப்பு. கட்டிலடியில் கிடந்த துண்டுகள், கிண்ணம், வாளி, டெஸ்ஸின் சட்டை, முழங்கை வரை அவனுடைய இரண்டு கைகள், எல்லாம் சிவப்பு. நடுவில் கிளெனிஸ் வெளுத்துப்போய்க் கிடந்தாள்.

டெஸ் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். கெரின் கத்தவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். "ரத்தம். ரத்தமா வாந்தி எடுத்திருக்காங்க. எப்போலேருந்தா? அப்பா, எப்போலேருந்து? அப்பா!"

கிளெனிஸ் கண்ணைத் திறந்தாள். மகளைப் பார்க்கவில்லை. கால்மாட்டுப் பக்கம் ஒரு விரலை நீட்டினாள். "டெஸ்... ராணி. மூடு, மூடு."

அவள் சொன்னால் டெஸ் செய்வான். நாற்பது வருஷப் பழக்கம். அந்த ரத்தக் கையோடு போய்க் கூடாரத்தின் ஜிப்பை மேலிருந்து கீழ்வரை இழுத்து மூடினான். போனைக் காதில் வைத்துக்கொண்டே கெரின் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸில் டெஸ் ஏறிக்கொண்டான், கெரின் காரில் பின்னால் வந்தாள். கிளெனிஸின் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் இருந்தது. அதை ஒரு பக்கம் விலக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். அவன் குனிந்தான்.

"நீ அழாதே. எனக்குத் தெரியும்டா."

"என்னம்மா தெரியும்?"

"சர்பத்து இல்லேன்னு. உனக்குத்தான் கண்ணு தெரியல. என் நாக்குக்குத் தெரியாதா? சர்பத்து இனிக்கும். இது இரும்பைச் சப்புன மாதிரி இருந்துச்சு."

"ஐயோ, ஏம்மா சொல்லல? ஏன் சொல்லல?"

"சொன்னா லைட்டைப் போட்டிருப்பே." மூச்சு வாங்கினாள். "ஒரு வாரம் தாக்குப் பிடிச்சிருந்தா... நல்லாச் சாப்பிட்டிருப்பேன். மருந்து ஏத்தியிருப்பாங்க. இருந்திருப்பேன்டா உன்கூட. எனக்குப் போக இஷ்டமே இல்ல."

கூட இருந்த ஆம்புலன்ஸ்காரப் பெண் மாஸ்க்கை மறுபடி பொருத்திவிட்டாள். அதன் பிறகு கிளெனிஸ் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், ஏற்ற ஏற்ற உள்ளே ஒழுகியது. சூரியன் இறங்குவதற்குள் போய்விட்டாள். சாக விருப்பமில்லாதவள், வாழ வேண்டும் என்ற ஆசையிலேயே வாயை மூடிக்கொண்டு செத்துப்போனாள். இதை எந்தச் சாமியிடம் போய் முறையிடுவது?

டாக்டர் வயதில் சின்னவர். "காலையிலயே கொண்டுவந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் டெஸ்ஸின் சட்டையைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார். பாதியே போதுமானதாக இருந்தது.

நடைபாதை நாற்காலிகளில் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச் சுவரைப் பார்த்தபடி கெரின் கேட்டாள்.

"ஏம்ப்பா லைட்டைப் போடல?"

அவனிடம் பதில் இருந்தது. உன் அம்மா போடவிடவில்லை, ரத்தம் என்று தெரிந்தே என்னிடம் மறைத்தாள் என்று சொன்னால் போதும். கெரின் அவன் தோளில் சாய்ந்து அழுவாள். ஆனால் அன்றிலிருந்து அவள் அம்மாவை நினைக்கும்போதெல்லாம், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாயே, எங்களுக்காகச் சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் நினைப்பாள். செத்தவளிடம் சண்டை போட்டு யார் ஜெயிக்க முடியும்? அவன் இப்போதே போட்டுக்கொண்டிருந்தானே, அந்தச் சண்டையை.

"தோணல" என்றான்.

"தோணலையா? இல்ல, செடி கெட்டுடும்னா?"

டெஸ் சட்டையில் காய்ந்திருந்த ரத்தத்தைச் சுரண்டினான்.

"செடி கெட்டுடும்னுதான்."

"அம்மா ரத்தமாக் கக்கிட்டுக் கெடக்கா. நீ போயி ஜிப்பை இழுத்து மூடுறே. நான் பாத்தேன்பா. என் கண்ணால பாத்தேன்."

"ஆமா" என்றான் டெஸ். "மூடினேன்."

இல்லை என்று அவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏதாவது ஒரு காரணம் சொல்ல வேண்டும் என்று கெஞ்சுவது போல் கெரின் அவன் முகத்தையே பார்த்தாள். அம்மாவின் அதே கண்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு, கார் நிறுத்தும் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பானோ என்னவோ. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.