மல்லிகைப் பெட்டிக்கு ஒரு மெமோ

திருச்சி பஸ்ஸில் வைகை ஆற்றையே ஏற்றிக்கொண்டு போய், செக்கிங் இன்ஸ்பெக்டர் தலையில் இறக்கிவிட்ட கண்டக்டர் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று முத்திருளன் முப்பது வருடமாகச் சொல்லிவந்தார். பழங்காநத்தம் டீக்கடையில் ஒருவரும் நம்பவில்லை. டூட்டியில் கண்ணை மூடாதவர் என்று பெயரெடுத்த அந்த இன்ஸ்பெக்டர், கோச்சடை விருமாண்டி, "நான் நனையவே இல்ல" என்று பென்சன்காரர் கூட்டத்தில் வைத்தே அடித்துப் பேசுவார்.

இப்படியிருக்க, மாட்டுத்தாவணியில் பூக்கடை வைத்திருக்கும் நாகஜோதிக்கு ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஐஸை ஈரத்தாளில் சுற்றிப் பூவுக்கு நடுவில் வைத்து அனுப்புவது அவர்களுடைய கண்டுபிடிப்பாம். பேடண்ட் வாங்கிவிட்டார்களாம். உடனே நிறுத்தாவிட்டால் வழக்காம். அந்தக் கம்பெனி ஒரு முழம் பூ விற்றதில்லை. நோட்டீஸ் அனுப்புவதுதான் அதன் வியாபாரம். பயந்துபோய் நாலு கடைக்காரர்கள் வெளியூருக்குப் பூ அனுப்புவதையே விட்டுவிட்டார்கள். நாகஜோதிக்கு அதை விட்டால் கடையே இல்லை.

"ஊருக்கே தெரிஞ்ச விசயத்துக்குப் பேடண்ட் கிடையாதுன்னு சட்டம் இருக்கு. ஆனா முன்னாடியே தெரியும்னு காட்ட எழுத்துல ஏதாவது வேணும்" என்றாள் வக்கீல் தமிழ்வாணி.

"எழுதி வச்சுக்கிட்டு எவன் தாயி பூப்பெட்டி கட்டுனான்? பேடண்ட்டு குடுக்குற ஆபீசரு ஒருநாள் விடியக்காலம் மார்க்கெட்டுப் பக்கம் வந்து பாக்கணும்னு முதல்ல சட்டத்தைத் திருத்தச் சொல்லு" என்றார் துணைக்கு வந்திருந்த முத்திருளன்.

"வம்புக்கு நோட்டீஸ் விட்டவன்தான் செலவைக் கட்டணும்னும் சேத்துத் திருத்தணும்ணே" என்றாள் தமிழ்வாணி.

அப்போதுதான் முத்திருளனுக்கு, அந்த வைகைச் சமாச்சாரத்துக்காக டிப்போவில் தனக்குக் கொடுத்த மெமோ நினைவுக்கு வந்தது.

தொண்ணூற்று நாலாம் வருடம். காலை ஐந்தரை வண்டி. நாகஜோதியின் அப்பா மொக்கையன் பெட்டிகளைச் சீட்டுக்கு மேலே அடுக்கிவிட்டு, கண்டக்டர் பைக்குள் ஒரு கை மல்லிகை மொட்டையும் போட்டுவிடுவார். பூவாசத்தில், மேலூர் தாண்டும்போது ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்டவர்கள் சம்பந்தியாகியிருப்பார்கள். கொட்டாம்பட்டியில் மாடுகள் மேய்ச்சலை மறந்து வண்டிக்குப் பின்னால் ஓடிவரும். சாயங்காலம் வீடு திரும்பினால் மனைவி பாண்டிச்செல்வி பையைத்தான் முதலில் வாங்குவாள். அவள் தலையில் ஏறிய பிறகுதான் அந்த மொட்டு வாய் திறக்கும். அந்த வாசனைக்காகவே இன்னொரு முறை கண்டக்டராகலாம்.

மெமோ பத்திரமாக இருந்தது. "பெட்டியின் நடுவே ஈரமான செய்தித்தாளில் சுற்றி வைக்கப்பட்டிருந்த பனிக்கட்டி உருகிப் பயணி ஒருவர் நனைந்தார். ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்." கூடவே விருமாண்டி கையெழுத்திட்ட ரிப்போர்ட்.

கம்பெனி வக்கீல் அதைப் போலித்தாள் என்றார். எழுதியவரே சத்தியம் செய்து உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் பேடண்ட் நிற்காது என்றாள் தமிழ்வாணி. நாகஜோதி கோச்சடைக்குப் போய்க் கெஞ்சி விருமாண்டியை அழைத்துவந்தாள்.

"கையெழுத்து என்னுதுதான்" என்றார் அவர்.

"பெட்டி கயிறு போட்டுக் கட்டியிருக்கும். உள்ள என்ன எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் தமிழ்வாணி.

"நனைஞ்ச பயணி சொன்னாரு."

"சொல்லிக் கேட்டது செல்லாதுங்கய்யா. அந்தப் பயணி பேரு?"

விருமாண்டி மின்விசிறியைப் பார்த்தார். முத்திருளன் வாயைத் திறக்கவில்லை. அது அவருடைய சரித்திரத்திலேயே முதல்முறை.

"எங்கப்பா கட்டுன பெட்டியப் பிரிச்சுப் பாத்த ஆளு ஒருத்தர்கூடவா உயிரோட இல்ல?" என்றாள் நாகஜோதி மெதுவாக.

விருமாண்டி துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டார். "பயணி பேரு விருமாண்டினு போட்டுக்கம்மா."

தமிழ்வாணி நிமிர்ந்தாள்.

"மேலூர் தாண்டுனதும் கண்ணசந்துட்டேன். டூட்டியிலதான், அதையும் எழுது. சட்டையெல்லாம் தண்ணி. கோவத்துல பெட்டியப் பிரிச்சுக் கிண்டுனேன். தாளு, ஐசு, பூவு, அம்புட்டும் என் கண்ணால பாத்தேன்."

"வைகை, சார்..." என்று ஆரம்பித்தார் முத்திருளன்.

"யோவ், வைகையெல்லாம் இல்ல. ஒரு சொம்புத் தண்ணி இருக்கும்." பேனாவை வாங்கிக்கொண்டார் விருமாண்டி. "ஆனா நடந்துச்சு. நீ சொன்னது நடந்ததுதான்."