முட்டியில் கட்டிய இலை

"மச்சானுக்கு முட்டி எப்படி இருக்கு, புஷ்பம்?"

குழாயடியில் மூர்த்தி கேட்டான். தையில் தங்கள் இருவருக்கும் கல்யாணம் என்று பேசி முடித்த பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது.

"அவருக்கு முடியலன்னா மட்டும் சொல்லு. முடியும்னா நான் ஊருக்குப் போயிக்கிறேன்."

புஷ்பவள்ளி குடத்தைப் பார்த்தபடியே, "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

பொய். அண்ணன் அய்யாவுவின் வலது முட்டி பலாப்பிஞ்சு போல வீங்கிக் கிடந்தது. ஆமணக்கிலையில் எண்ணெய் தடவி வாட்டி, தன் மஞ்சள் தாவணியைக் கிழித்து அவள்தான் கட்டிவிடுவாள்.

அய்யாவு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். காட்டுக் கிளையை நெருப்பில் வளைத்து ஹாக்கி பழகி, கணக்கெழுதும் கிராணிமார் மட்டுமே ஆடிய எஸ்டேட் குழுவுக்குள் வெறுங்காலோடு நுழைந்து, அவர்களுக்கே கேப்டன் ஆனவன். நிற்பது கோலுக்கு முன்னால், பின்காவலில். "அய்யாவு நின்னா பந்து என்ன, பாம்புகூட தாண்டாது லா" என்று எதிர்த்து ஆடும் மூவார்க்காரர்களே சொல்வார்கள்.

ரப்பர் விலை விழுந்த வருஷம், கூலிகள் குடியிருந்த லயத்தில் பாதியைக் காலி செய்து ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றினார் எஸ்டேட் துரை. ஆனால் அவருக்கு ஹாக்கிக் கோப்பைப் பைத்தியம். ஆடுகிற பதினொரு பேருக்கு மட்டும் வேலை உண்டு. பந்தய நாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கேப்டன் பேர் சொல்லச் சொல்ல, ஆட்டக்காரர்கள் வரிசையை விட்டு வெளியே வந்து நிற்பது வழக்கம். தன் பேரைக் கடைசியில் சொல்வான் அய்யாவு. அவனால் முடியாவிட்டால் அந்த இடமும் வேலையும் மூர்த்திக்கு; இல்லையென்றால் மூர்த்திக்குக் கப்பல்தான்.

காய்ச்சலில் அப்பனும் ஆத்தாளும் போனபின் அவளுக்குச் சோறு போட்டவன் அண்ணன். அதற்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை.

பந்தய நாள் பெரட்டில் பத்துப் பேரைச் சொல்லிவிட்டு அய்யாவு நிறுத்தினான். மூர்த்தியின் கால் அரையடி முன்னால் வந்தது.

"அய்யாவு" என்றான் அய்யாவு.

சாயங்காலம் பந்து நேராக அவனிடம்தான் வந்தது. திரும்பினான், முட்டி மடங்கியது. விழுந்தவனைத் தாண்டிப் பந்து கோலுக்குள் உருண்டது. நீளக் காற்சட்டைக்குள் மறைத்திருந்த கட்டு அவிழ்ந்து, மஞ்சள் துணியும் வாடிய இலைகளும் புல்லில் சிதறின.

"கேப்டன் மூலிகைக் கடை போட்டுட்டாருடா!" என்று எவனோ கத்தினான். கூட்டம் சிரித்தது. கோட்டோரம் நின்ற மூர்த்தி சிரிக்கவில்லை. அந்தத் துணி அவனுக்குத் தெரியும். பரிசம் போட்ட அன்று புஷ்பவள்ளி அந்தத் தாவணியைத்தான் கட்டியிருந்தாள்.

அந்தக் கோலோடு கோப்பை போயிற்று; ஆட்டம் முடியுமுன்னே துரை காரில் ஏறிவிட்டார். பெரிய கிராணி வந்து சொன்னார்: "குழுவைக் கலைச்சாச்சு. அய்யாவு, உனக்கு அடுத்த கப்பல்."

அய்யாவு புல்லைவிட்டு எழவே இல்லை.

மறுநாள் காலை, ஊருக்குப் போகிறவர்களை ஏற்ற லாரி வந்தது. தகரப் பெட்டியோடு வந்த மூர்த்தி லயத்து வாசலில் நின்றான். புஷ்பவள்ளி வெளியே வந்தாள். புல்லிலிருந்து பொறுக்கித் துவைத்து மடித்த மஞ்சள் துணியை அவள் கையில் வைத்துவிட்டு, போய் லாரியில் ஏறினான்.